இனியா செய்த கேம் கியர்

எங்கள் பட்டறையில் இனியா வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபது வயது. பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஆறு மெஷின் போட்ட சின்னப் பட்டறை. முதலாளி காளிச்சாமி. பம்புகளுக்கும் மில் மெஷின்களுக்கும் வேண்டிய உதிரிகளைச் செய்து கொடுப்போம். என் பெயர் கந்தப்பன். செய்து முடித்ததை அளந்து பார்த்து, சரி அல்லது சரியில்லை என்று சொல்வது என் வேலை. பதினாறு வருஷமாக அவள் கையிலிருந்து வந்த ஒவ்வொன்றையும் நான் அளந்திருக்கிறேன். அவளைப் பற்றிச் சொல்ல அது போதுமா என்று தெரியவில்லை. ஆனால் சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். அதனால் இப்போதாவது சொல்கிறேன்.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் அன்னூர்ப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். மகளைப் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்க வைத்தார்கள். வகுப்பில் அறுபது பேர், அதில் பெண்கள் இரண்டு பேர். இங்கே வந்த முதல் வருஷம் காளிச்சாமி அவளை மெஷின் பக்கமே விடவில்லை. சாமான்களைத் துடைத்து, எண்ணெய் தடவி, பெட்டியில் அடுக்கினாள். ஒருநாள் மெஷினில் அளவு வைத்துக் கொடுக்கிற செட்டர் லீவு. மதியத்துக்குள் போக வேண்டிய ஆர்டர் நின்றுபோனது. "நான் செட் பண்ணிப் பாக்கட்டுங்களா?" என்றாள். முதலாளி என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன். அவள் போட்ட முதல் சாமானை வாங்கி அளந்தேன். ஒரு குறையும் இல்லை. அன்றிலிருந்து அந்த மெஷின் அவளுடையதாயிற்று.

பிரான்சிஸ் அவளுக்கு இங்கேதான் அறிமுகமானான். சிங்காநல்லூரில் எஞ்சின் வேலைக்கென்றே ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவன். ஒரு எஞ்சினுக்கு, தண்டு தேயாமலிருக்க அதைச் சுற்றிப் போடுகிற புஷ் செய்ய வேண்டும் என்று அளவு எழுதிக் கொண்டுவந்தான். அந்த அளவு தப்பு என்று இனியா சொன்னாள். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தி வாதாடினார்கள். கோபித்துக்கொண்டு போனவன் மறு வாரம் திரும்பி வந்தான். "நீங்க சொன்னதுதான் சரிங்க" என்றான். பிரான்சிஸ் தன் ஆயுளில் அப்படி ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான் என்று அவனைக் கட்டிக்கொண்ட பிறகு இனியா சொல்லிச் சிரிப்பாள்.

அவனுக்குத் தாய் இல்லை. அப்பா அங்கப்பன், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவிக்காகச் சர்ச்சுக்குப் போக ஆரம்பித்தவர், பேரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. சர்க்கரை வியாதி. கண் பார்வை மங்கிவிட்டது. மகனைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் உயரும். "என்ற பையன் கை வெச்ச எஞ்சின் திரும்பி வந்ததா ஒருத்தன் சொல்லட்டும் பார்க்கலாம்" என்று வழியில் போகிறவரையும் நிறுத்திச் சொல்வார். இனியாவுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போனது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று பேர்தான்.

பிரான்சிஸ் கார் கட்ட ஆரம்பித்தது நாலு வருஷத்துக்கு முன்னால். விபத்தில் முன்பக்கம் நசுங்கிய ஒரு பழைய சின்னக் காரை வாங்கினான். முன்னால் அதன் பெட்ரோல் எஞ்சின். பின் சக்கரங்களுக்கு, கழித்துப் போட்ட ஒரு மின்சார ஆட்டோவின் மோட்டார். இரண்டும் சேர்ந்து ஓட்ட வேண்டும் என்பது திட்டம். சொந்தமாகக் கட்டிய கார்களுக்கென்று வருஷத்துக்கு ஒரு போட்டி, ஊருக்குத் தெற்கே ஒரு தனியார் பந்தயத் தடத்தில் நடக்கும். கொஞ்சம் பெட்ரோலில் யார் அதிக தூரம் போகிறார்கள் என்று ஒரு சுற்று, வேகத்துக்கு ஒரு சுற்று. அதில் ஓட்ட வேண்டும் என்பது அவன் ஆசை.

அதற்குத்தான் கேம் கியர் வேண்டியிருந்தது. எஞ்சினுக்குள் காற்றையும் பெட்ரோலையும் விடுகிற வால்வு எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பது கேம் கியர் என்கிற பல் சக்கரம் நிற்கிற இடத்தைப் பொறுத்தது. கம்பெனி போட்டு அனுப்புகிற சக்கரம் ஒரே துண்டு, அசைக்க முடியாது. வால்வை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாக மூடினால் பெட்ரோல் மிச்சமாகும், ஆனால் வண்டி புறப்படும்போது இழுவை குறையும். அந்தக் குறையை மின்சார மோட்டார் ஈடுகட்டிவிடும் என்பது பிரான்சிஸின் கணக்கு. எத்தனை டிகிரி தாமதம் என்பதை ஓட்டி ஓட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு, திருப்பி வைக்கிற மாதிரி ஒரு சக்கரம் தேவை.

இனியா அதைச் செய்தாள். முதலாளியிடம் அனுமதி வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. நடுவில் ஸ்டீல் துண்டு, அதைச் சுற்றிப் பல் வெட்டிய அலுமினிய வளையம். இரண்டையும் ஆறு போல்ட் பிடித்திருக்கும். போல்ட் போகிற ஓட்டைகளை நீளவாக்கில் வெட்டியிருந்தாள். போல்ட்டுகளைத் தளர்த்தி, வளையத்தை வேண்டிய டிகிரிக்குத் திருப்பி, மறுபடி டைட் செய்ய வேண்டும். வளையத்தின் விளிம்பில் டிகிரிக் கோடுகளை முடி பருமனில் பொறித்திருந்தாள். நான் சுழற்றிப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்குகூட ஆடவில்லை.

எஞ்சினில் மாட்டியபோது போல்ட்டுகளை அவளேதான் டைட் செய்தாள், எவ்வளவு இறுகியது என்று காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்து. பிறகு ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் வளையம் வரைக்கும் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தாள். யாராவது தளர்த்தினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

"டிகிரி மாத்தோணும்னா என்னயக் கூப்புடுங்க. நீங்களா தொடாதீங்க" என்று புருஷனிடம் சொல்லியிருந்தாள்.

"ஏன், எனக்கு ஸ்பேனர் புடிக்கத் தெரியாதாக்கும்?" என்றானாம்.

போன வருஷம் பிப்ரவரியில், போட்டிக்கு முந்தின சனிக்கிழமை, ஒத்திகை ஓட்டம். பிரான்சிஸ் காலையிலேயே காரை ஏற்றிக்கொண்டு தடத்துக்குப் போய்விட்டான். இனியாவுக்கு வேலை நாள். பட்டறையில் போனை வாசலிலேயே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் மெஷினுக்குப் போக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு வந்து போனை எடுத்தாள். பதினோரு மணி வாக்கில் பிரான்சிஸ் மூன்று தடவை கூப்பிட்டிருந்தான். திருப்பிக் கூப்பிட்டபோது வேறு யாரோ எடுத்தார்கள்.

வளைவு ஒன்றில் எஞ்சின் திடீரென்று பூட்டிக்கொண்டது. முன் சக்கரங்கள் சுற்றாமல் நின்றதும் கார் இழுத்துக்கொண்டு போய், ஓட்டுகிற பக்கமாகச் சுவரில் மோதியது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தான். ஒருமுறைகூடக் கண் திறக்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் போய்விட்டான்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், தடத்தில் கார்களைச் சோதிக்கிற பொறுப்பில் இருந்த திருமூர்த்தி எஞ்சினைத் திறந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். இனியா என்னையும் வரச் சொன்னாள். அங்கப்பனும் பிடிவாதமாக வந்தார்.

மூடியைக் கழற்றியதும் எல்லாம் தெரிந்துவிட்டது. கேம் கியரின் ஆறு போல்ட்டில் ஒன்று கழன்று, அந்தச் சக்கரத்தைச் சுற்றுகிற பெல்ட்டுக்குள் விழுந்திருந்தது. பெல்ட் பற்களைத் தாண்டி, வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்து கிடந்தன. அதனால்தான் எஞ்சின் பூட்டிக்கொண்டது. மீதி ஐந்தில் நாலு போல்ட் இறுக்கமாக இருந்தன. ஒன்றை விரலாலேயே திருக முடிந்தது. வளையம் இனியா வைத்த இடத்திலிருந்து இரண்டு டிகிரி தள்ளி நின்றது. மஞ்சள் கோடுகளில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அவள் வைத்ததற்குப் பிறகு யாரோ தளர்த்தி, திருப்பி, நாலு போல்ட்டை டைட் செய்துவிட்டு இரண்டை விட்டிருக்கிறார்கள். யார் என்று கேட்கவும் வேண்டியதில்லை.

திருமூர்த்தி நிமிர்ந்தார். "இந்த போல்ட்டுகளைக் கடைசியா டைட் பண்ணுனது யாருங்க?"

"நாந்தானுங்க" என்றாள் இனியா.

"கோடெல்லாம் வெலகியிருக்குதுங்களே?"

"வெள்ளிக்கெழம சாயங்காலம் மறுபடி மாத்துனேனுங்க. கோடு போட மறந்துபோட்டேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் அவள் எங்கள் பட்டறையில் என் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

அங்கப்பன் அவளுக்கு நேராக வந்து நின்றார். "நீ செஞ்ச சக்கரம், நீ முடுக்காத போல்ட்டு. என்ற பையனைக் கொன்னுபோட்டியே" என்றார். திருமூர்த்தி அவள் சொன்னதை அப்படியே அறிக்கையில் எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அங்கப்பன் வெகு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்; நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏம்மா அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"மூணு தடவ கூப்பிட்டிருக்காருங்ணா. நான் எடுத்திருந்தா அவரு தனியாக் கை வெச்சிருக்க மாட்டாரு. அப்ப அது நான் பண்ணுனது மாதிரித்தானுங்களே?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மாமாவுக்கு வேற என்னங்ணா இருக்குது? எம்பையன் கை தப்பாதுன்னு சொல்லிக்கிட்டே கெடந்த மனுசன். அதயும் நான் புடுங்கறதுங்களா? யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்ணா."

சொல்லமாட்டேன் என்றேன். அன்றைக்கு அது நல்ல காரியமாகத்தான் தோன்றியது.

பேச்சு பரவ எத்தனை நாளாகும்? பெண்டாட்டி செய்த சக்கரத்தால் புருஷன் செத்தான் என்று சிங்காநல்லூரில் பேசிக்கொண்டார்கள். பட்டறைக்கும் வந்து சேர்ந்தது. எங்களிடம் மோட்டார் உதிரிகள் செய்து வாங்கிக்கொண்டிருந்த ஒருவர், தன் சாமானை அந்தப் பெண்ணின் மெஷினில் போட வேண்டாம் என்று காளிச்சாமியிடம் சொல்லிவிட்டார். முதலாளி அவளைப் பம்பு வேலைக்கு மாற்றினார். அத்தனை வருஷத்தில் அவள் கையிலிருந்து தப்பாக வந்தது எதுவும் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் அங்கப்பன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் சமைத்ததைத் தொடவில்லை. பேக்கரியில் பன்னும் டீயும், மதியத்துக்கு மெஸ்ஸிலிருந்து பொட்டலம். வேண்டியதைப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லி அனுப்புவார். ஆனால் அவருக்குக் காலையில் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். ஊசியில் உள்ள கோடுகள் அவர் கண்ணுக்குத் தெரியாது. ஆறு மணிக்கு அவள் வேலைக்குக் கிளம்புமுன் அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அவள் மருந்தை அளந்து போட்டுவிடுவாள். ஒரு வார்த்தை இருக்காது. எட்டு மாதம் இப்படியே.

அவள் அம்மா பழனியாத்தாள் அன்னூரிலிருந்து வந்து அழுதாள். "ஊட்டுக்கு வந்துரு கண்ணு. இந்தப் பேச்சைக் கேட்டுக்கிட்டு எதுக்கு இங்க கெடக்கறே?"

"ஊசி யாரும்மா போடறது?" என்றாள் இனியா.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருமூர்த்தி என்னைப் போனில் கூப்பிட்டார். ஒத்திகை அன்று பக்கத்தில் நின்ற கார்க்காரர் தன் வண்டியை எடுத்த ஒரு வீடியோ இப்போது அவர் கைக்கு வந்திருக்கிறது. பின்னால் பிரான்சிஸ் தெரிகிறான். "இதப் பாத்துட்டு அறிக்கைய மாத்தாம இருக்க முடியாதுங்க. ஆனா தனியா அந்த ஊட்டுக்குப் போகச் சங்கடமா இருக்குது. நீங்களும் வாங்க" என்றார். போனேன்.

இனியா வீட்டில் இருந்தாள். எங்களைக் கண்டதும் எதற்கு வந்திருக்கிறோம் என்று ஊகித்துவிட்டாள் போலிருக்கிறது. "வேண்டாமுங்க" என்றாள். திருமூர்த்தி கேட்கவில்லை. அங்கப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விவரத்தைச் சொன்னார்.

"செத்தவன் மேல பழியப் போடறீங்களா? எந்திரிச்சுப் போங்க" என்று கத்தினார் கிழவர்.

"நீங்களே பாருங்கய்யா." திருமூர்த்தி போனை அவர் கண்ணுக்கு வெகு அருகில் பிடித்தார்.

வீடியோவில் நீலக் கார் ஒன்று. அதற்குப் பின்னால் திறந்த பானட்டுக்கு முன் பிரான்சிஸ். போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறான். யாரும் எடுக்கவில்லை. போனைப் பையில் போட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்துக் குனிகிறான். கை வேகமாக வேலை செய்கிறது. எங்கிருந்தோ ஒலிபெருக்கியில் அவன் வண்டி எண்ணைக் கூப்பிடுகிறார்கள். நிமிர்ந்து பார்த்து, "இதா வாரேனுங்க!" என்று கத்துகிறான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பானட்டை இறக்குகிறான். அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட இல்லை.

அங்கப்பன் போனைத் தடவிப் பிடித்துக்கொண்டார். பிறகு, "இன்னொருக்கா போடுங்க" என்றார்.

மறுபடி போட்டார். "இன்னொருக்கா" என்றார். நாலு தடவை பார்த்தார். போல்ட்டைப் பார்க்கவில்லை அவர். "இதா வாரேனுங்க" என்ற இடம் வரும்போதெல்லாம் அவர் உதடு அசைந்தது. இனியா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் போன் பக்கம் திரும்பவில்லை. குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போன் யாருக்கு அடிச்சான்?" என்றார் அங்கப்பன். எங்களைப் பார்த்துக் கேட்கவில்லை. எட்டு மாதத்தில் மருமகளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

"எனக்குங்க, மாமா."

"எடுத்திருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"நான் வார வரைக்கும் தொடாதீங்கன்னு சொல்லியிருப்பேனுங்க."

"கேட்டிருப்பானா?"

"மாட்டாருங்க."

"மாட்டான்" என்றார். "பெத்தவ சொல்லியே கேட்டதில்ல. நான் சொல்லியும் கேட்டதில்ல." கையை நீட்டினார், எங்கே நிற்கிறாள் என்று சரியாகத் தெரியாமல். "அம்மிணி, இங்க வா. என்ற வாயில வந்ததெல்லாம் வாங்கிக்கிட்டு, எனக்கு ஊசியும் போட்டுக்கிட்டு இருந்தியே. நான் என்ன மனுசன்?"

அவள் வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். அடக்கத்தன்றுகூட அழாதவள் அன்றுதான் அழுதாள். "அவரு பேரு போச்சுங்களே மாமா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

திருமூர்த்தி அறிக்கையைத் திருத்தி அனுப்பினார். அதை யார் படிக்கப் போகிறார்கள்? ஊரில் பேச்சு பழையபடியேதான் இருந்தது. அதை மாற்றியது அங்கப்பன். இந்த வருஷம் பிப்ரவரியில் முதலாண்டு நினைவுப் பூசை முடிந்து, எல்லாரும் கல்லறையைச் சுற்றி நின்றபோது அவர் தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எல்லாருங் கேளுங்க. என்ற பையன் நல்ல தொழில்காரன். ஆனா அவசரக்காரன். ரெண்டு போல்ட்ட முடுக்காம வண்டிய எடுத்துப்போட்டான். அது அவன் தப்பு. இந்தப் புள்ள செஞ்சதுல ஒரு கொறையுமில்லீங்க. பழி சொன்னது நான். நீங்களும் சொன்னீங்க. இன்னியோட நிறுத்திக்கலாம்."

ஒருத்தி வந்து இனியாவின் கையைப் பிடித்தாள். அவள் மெதுவாக விடுவித்துக்கொண்டு கல்லறை வாசல் பக்கம் நடந்தாள். நான் பின்னால் போனேன்.

"நல்லதுதானேம்மா" என்றேன்.

"நல்லதுதானுங்ணா" என்றாள். "ஆனா அவர இன்னொருக்கா பொதச்சாப்ல இருக்குது."

மறுநாள் நான் முதலாளியிடம் போய், அந்த வெள்ளிக்கிழமை அவள் எங்கே இருந்தாள் என்பதை ஒரு வருஷம் தாமதமாகச் சொன்னேன். காளிச்சாமி என்னைத் திட்டவில்லை. மோட்டார் வேலையை மறுபடி அவள் மெஷினுக்கே கொடுத்தார். சித்திரையில் ஒரு காலேஜிலிருந்து பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடுகிற தங்கள் ஹைப்ரிட் காருக்குக் கேம் கியர் செய்து தரக் கேட்டு வந்தார்கள். வரைபடத்தை வாங்கி வெகு நேரம் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லி, தன்னால் முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். வேறு எந்த வேலைக்கும் அவள் மறுப்புச் சொல்லிக் கேட்டதில்லை.

சிங்காநல்லூர் வீட்டில் இப்போது இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். அங்கப்பன் நிறையப் பேசுகிறாராம். எல்லாம் பிரான்சிஸைப் பற்றித்தான். ஐந்து வயதில் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டது, பத்தாம் வகுப்பில் பெயிலானதை ஒரு வாரம் மறைத்தது. சில நாள் உட்கார்ந்து கேட்பாள். சில நாள், "இன்னைக்கு வேண்டாமுங்க மாமா" என்பாள். அவரும் நிறுத்திக்கொள்வார்.